குறைந்த எண்ணைப் படித்த நூர் மேடம்

அன்று காலை நான் பரிசோதனைக்கூடத்துக்குப் போன் செய்தது சண்டை போடுவதற்காகத்தான். இரண்டு நாள் முன்பு என் கிளினிக்கிலிருந்து அனுப்பிய மூன்று குழந்தைகளின் ரத்த ரிப்போர்ட் வந்திருந்தது. மூன்றிலும் கீழே யாரோ புதிதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த இடத்தில் ஒரே கையெழுத்தைப் பார்த்துப் பழகியவன் நான். யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்று எடுத்த எடுப்பிலேயே கத்தினேன். மறுமுனையில் இருந்தவர் செல்வி, அந்தக் கூடத்தின் மூத்த டெக்னீஷியன். என் கத்தலுக்குப் பழகியவர். நான் கத்தி முடிக்கும்வரை விட்டுவிட்டார். பிறகு, "சார், உங்களுக்கு யாரும் சொல்லலியா? மேடம் நேத்து காலைல தவறிட்டாங்க சார். ஹார்ட் அட்டாக். சாயந்திரமே அடக்கம் பண்ணிட்டாங்க" என்றார்.

முந்தின நாள் குன்றத்தூரில் ஒரு உறவினர் வீட்டுக் கல்யாணம். போனை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்தும் எடுத்துப் பார்க்கவில்லை. செல்வியிடமிருந்து மட்டும் நான்கு அழைப்புகள் வந்து கிடந்தன. அவரிடம் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. வெளியே காத்திருந்த முதல் குழந்தையை உள்ளே கூப்பிட்டேன். மருந்துச் சீட்டு எழுதும்போது எடை பார்க்க மறந்துவிட்டேன். அந்தத் தாய்தான், "சார், வெயிட் பாக்கலியா?" என்று நினைவுபடுத்தினாள்.

நாம் எல்லோரும் நூர் மேடம் என்று அழைத்த நூருன்னிசா, சிட்லபாக்கம் ஏரிக்குப் போகும் தெருவில், ஒரு மளிகைக்கடையின் மாடியில் சிறிய பரிசோதனைக்கூடம் நடத்திவந்தார். பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்த குடும்பத்துப் பெண். உயிர்வேதியியலில் முதுகலை படித்தவர். என்னைவிட நான்கு வயது சின்னவர். "கீழ மொளகா நெடி, மேல ஸ்பிரிட் நெடி. எங்க லேபுக்கு வர்ற கொழந்தைங்க அழறதுக்கு முன்னாடி தும்மிடும் சார்" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தப் படியேறிப் போனவர்களுக்கு அது உண்மை என்று தெரியும்.

நினைவஞ்சலி என்றால் போனவரைப் பாராட்டி எழுதுவது வழக்கம். நானும் பாராட்டத்தான் போகிறேன். ஆனால் நம் வட்டார மருத்துவர்களின் மாதக்கூட்டம் வெளியிடும் இந்த மலரில் நானே கேட்டு இடம் வாங்கி எழுதுவதற்கு வேறு காரணம் இருக்கிறது. நூர் மேடம் செய்யாத ஒரு தவறை நான் அவர் தலையில் போட்டேன். அவர் செய்யவில்லை என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. அதோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. அவர் கண்டுபிடித்த ஒன்றை என்னுடையதாக உங்கள் முன்னாலேயே பேசிக் கைதட்டல் வாங்கினேன். ஏழு வருடமாக அவரிடம் சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்று தள்ளிப்போட்டேன். இனி அவரிடம் சொல்ல வழியில்லை. உங்களிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதற்கு முன் ஒரு நொதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருடைய உறவினர்களும் இதைப் படிக்கப்போகிறார்கள் என்பதால் எளிமையாகவே சொல்கிறேன், மருத்துவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்று அதற்குப் பெயர். நாங்கள் ஏ.எல்.பி. என்று சுருக்கிச் சொல்வோம். சில வேதிப்பொருட்களில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றிவிடுவது அதன் வேலை. அந்த வேலை நடக்க, நொதியின் நடுவில் துத்தநாகம் உட்கார்ந்திருக்க வேண்டும். துணைக்கு மக்னீசியமும் வேண்டும். மனிதனுக்கு மட்டும் உரியது அல்ல இது. மாட்டிலும் நாயிலும் கோழியிலும் உண்டு. கறந்த பாலில்கூட இருக்கிறது. பாலைப் பதப்படுத்தும்போது சரியாகச் சூடாக்கினார்களா என்று பார்க்க, இந்த நொதி அதில் மிச்சமிருக்கிறதா என்றுதான் சோதிக்கிறார்கள். நம் உடம்பில் ஈரல், எலும்பு, சிறுநீரகம், குடல், கர்ப்பிணிகளின் நஞ்சுக்கொடி என்று பல இடங்களில் அது உண்டாகிறது. எல்லா இடத்திலும் ஒரே வடிவம் கிடையாது. ஈரலும் எலும்பும் ஒரே மரபணுவை வைத்துச் செய்தாலும் மேலே ஒட்டிக்கொள்ளும் சர்க்கரைச் சரங்கள் மாறும். குடலுக்குத் தனி மரபணு, நஞ்சுக்கொடிக்குத் தனி. ரத்தத்தில் எல்லாம் கலந்து ஓடுகின்றன. ரிப்போர்ட்டில் வருவதோ ஒரே ஒரு எண்.

அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு நாம் தீர்ப்பு எழுதுவது நூர் மேடத்துக்குப் பிடிக்காது. "இது எந்த வீட்டுப் பிள்ளைன்னு மொதல்ல கேளுங்க சார்" என்பார். அவருடைய கூடத்தில் வடிவங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் பெரிய கருவி எதுவும் இல்லை. ஒரு பழைய வெந்நீர்த்தொட்டி இருந்தது. ரத்தத்தின் தெளிந்த நீரை அதில் அளவான சூட்டில் பத்து நிமிடம் வைத்து எடுப்பார். எலும்பிலிருந்து வந்த வடிவம் சூடு தாங்காமல் படுத்துவிடும், ஈரலுடையது ஓரளவு தாங்கும், நஞ்சுக்கொடியுடையது அசையவே அசையாது. இதை வைத்து ஏறக்குறைய எந்த வீடு என்று சொல்லிவிடுவார். ஏறக்குறையதான் என்பதையும் அடியில் ஒரு வரியாக எழுதிவிடுவார்.

என் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. ஒருநாள் மதியம் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வெளிறிப்போய் வந்தார். ஏ.எல்.பி. மட்டும் எல்லையைத் தாண்டியிருந்தது. ஈரல் போய்விட்டது என்று அவரே முடிவு செய்து, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கும் சொல்லிவிட்டார். நான் குழந்தை மருத்துவன். ஆனாலும் அவர் அவசரம் என்னைத் தொற்றிக்கொள்ள, வயிற்று ஸ்கேனுக்கு எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று நூர் மேடத்துக்குப் போன் செய்தேன். "அவர் பிளட் குரூப் என்ன சார்?" என்றார். ஓ பாசிட்டிவ். "ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டாராம்?" நெய்ப்பொங்கல், இரண்டு வடை, அதற்கு மேல் ஒரு நெய் ரோஸ்ட். மறுமுனையில் சிரிப்புச் சத்தம். "அப்ப இது குடல் வீட்டுப் பிள்ளை சார். ஓ, பி குரூப்காரங்கள்ல நெறைய பேருக்குக் கொழுப்பு சாப்பிட்டா குடல்ல இருந்து எறங்கி ரத்தத்துக்கு வந்துடும். நாளைக்கு வெறும் வயித்துல வரச் சொல்லுங்க." மறுநாள் எல்லாம் சரியாக இருந்தது. மனிதர் சந்தோஷத்தில் கூடத்துக்கு ஒரு பெட்டி மைசூர்பாகு கொடுத்தனுப்பினார்.

இன்னொரு முறை எங்கள் வீட்டு நாய் பிரௌனிக்குத் தோல் அரிப்பு. கால்நடை மருத்துவர் ஸ்டீராய்டு கொடுத்திருந்தார். சில வாரம் கழித்து ரத்தம் பார்த்ததில் ஏ.எல்.பி. தாறுமாறாக ஏறிக் கிடந்தது. என் மனைவி அழவே ஆரம்பித்துவிட்டாள். நூர் மேடம் அன்று மாலை தடியான ஒரு புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். "அக்கா, அழாதீங்க. நாய்க்குன்னே ஒரு தனி வடிவம் இருக்கு. ஸ்டீராய்டு குடுத்தா அதோட ஈரல் அத உண்டாக்கும். மனுசனுக்குக் கெடையாது, பூனைக்குக்கூடக் கெடையாது. மருந்த டாக்டர் சொல்ற மாதிரி கொறைச்சா எறங்கும்" என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். அப்படியே ஆயிற்று. பிரௌனி அதன் பிறகு ஐந்து வருடம் இருந்தது.

இப்போது, நான் அவர் தலையில் போட்டதாகச் சொன்ன தவறுக்கு வருகிறேன்; அது ஒரு ஊதா மூடியில் ஆரம்பிக்கிறது. கூடத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், ரத்தம் பிடிக்கும் குழாய்களுக்கு நிறம் நிறமாக மூடிகள் உண்டு. சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் உறைந்து தெளிய வேண்டும். ஊதா மூடிக் குழாயில் உறையக் கூடாது. அதற்காக அதில் ஒரு உப்பு தடவியிருக்கும். ஒருமுறை குமட்டலோடு வந்த ஆறு வயதுப் பெண்ணின் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினேன். பொட்டாசியம் கண்டபடி ஏறியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. அந்த அளவில் இதயம் எந்த நிமிடமும் நின்றுபோகலாம். உடனே ஆம்புலன்ஸ் பிடித்துக் குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே மறுபடி பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது.

மறுநாள் நான் போன் செய்து கத்துவதற்குள் நூர் மேடமே கிளினிக்குக்கு வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "தப்பு எங்களோடது சார். செவப்பு மூடில ரத்தம் பத்தலன்னு ஊதா மூடில இருந்து கொஞ்சம் ஊத்திட்டாங்க. அந்த உப்புல பொட்டாசியம் இருக்கு, அதான் ஏறிடுச்சு. கால்சியத்தப் புடிச்சுக்கும், அதான் கொறைஞ்சுடுச்சு. ஏ.எல்.பி.யப் பாருங்க, அதுவும் படுத்துடுச்சு. துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் உருவிடும் சார் அது. துத்தநாகம் போயிட்டா இந்த நொதிக்கு ஒடம்பு இருக்கும், வேலை செய்யாது. பிளேடு கழட்டின மிக்ஸி மாதிரி." ஊற்றியது யார் என்று கேட்டேன். "லேப்தான் சார்" என்றார். அந்தக் குழந்தையின் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அந்த மாதக் கூட்டத்தில் நம் முன்னால் எழுந்து நின்று, இன்ன தவறு செய்தோம், இனி எந்த ரிப்போர்ட்டிலும் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எங்களைச் சந்தேகப்படுங்கள் என்று சொன்னார். வியாபாரம் தெரியாத பெண் என்று நான் பக்கத்து நாற்காலிக்காரரிடம் முணுமுணுத்தேன்.

அதற்கு ஒரு வருடம் கழித்துத்தான் ஏஞ்சல் வந்தாள். பொழிச்சலூரில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கும் டேவிட்டின் ஒரே மகள். அப்போது மூன்று வயது. கால்கள் வளைந்திருந்தன, நடை வாத்து நடை. எக்ஸ்ரேயில் எலும்பு முனைகள் சரியாகக் கெட்டிப்படாமல் இருந்தன. ரிக்கெட்ஸ் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டேன். வைட்டமின் டி குறைவால் எலும்பு மெலியும் நோய், எத்தனையோ பார்த்திருக்கிறேன். ரத்தம் பார்க்காமலே பெரிய அளவில் வைட்டமின் டி எழுதினேன். அவள் அம்மா மேரி, கீழ் முன்பல் இரண்டு அதற்குள் விழுந்துவிட்டது என்று ஏதோ சொல்ல வந்தாள். எங்கேயாவது விழுந்து அடிபட்டிருக்கும் என்று நானே பதிலும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

சில வாரங்கள் ஆகியும் குழந்தை தேறவில்லை. வாந்தி வேறு, சாப்பாடு இறங்கவில்லை. அப்போதுதான் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினேன். ரிப்போர்ட்டை டேவிட்டும் மேரியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ரிக்கெட்ஸில் ஏ.எல்.பி. ஏறியிருக்க வேண்டும். எலும்பு கெட்டிப்பட முடியாமல் தவிக்கும்போது அது மேலும் மேலும் அந்த நொதியைச் செய்துபார்க்கும். இதிலோ பாதாளத்தில் கிடந்தது. ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை. பெற்றவர்கள் எதிரிலேயே போனை எடுத்து, "என்ன மேடம், மறுபடியும் ஊதா மூடியா? ஒரு தடவை பட்டும் புத்தி வரலியா உங்க லேபுக்கு?" என்று கத்தினேன். நூர் மேடம், "பாக்கறேன் சார்" என்று மட்டும் சொன்னார். டேவிட்டிடம் திரும்பி, லேபில் தப்பு செய்துவிட்டார்கள், புதிதாக ரத்தம் எடுக்க வேண்டும் என்றேன்.

டேவிட் நேராகக் கூடத்துக்குப் போய் நின்றதைச் செல்விதான் பிற்பாடு எனக்குச் சொன்னார். காத்திருந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் அவர் குரலை உயர்த்தியிருக்கிறார். "கொழந்த ரத்தம் இன்னா கொழாத் தண்ணியா? தோணுறப்பல்லாம் தொறந்து புடிச்சிக்கினு இருப்பீங்களா? டாக்டரே சொல்றாரு நீங்க ராங்கா பண்ணிட்டீங்கன்னு. பெருசா போர்டு மட்டும் மாட்டிக்கினு கீறீங்க!" இரண்டு பேர் ரத்தம் கொடுக்காமலே எழுந்து போனார்களாம். நூர் மேடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஏஞ்சலைத் தன் மடியில் உட்காரவைத்து, டேவிட்டின் கண் முன்னாலேயே சிவப்பு மூடிக் குழாயில் மட்டும் ரத்தம் எடுத்தார். எடுத்துக்கொண்டே மேரியிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். குழந்தை என்ன சாப்பிடுவாள், எப்போது நடந்தாள், பல் எப்படி.

அன்று மதியம் மறுபடியும் என் எதிரில் வந்து நின்றார். இந்த முறை உட்கார்ந்தார். இரண்டு ரிப்போர்ட்டையும் அருகருகே மேசையில் வைத்தார். "ரெண்டுலயும் ஏ.எல்.பி. ஒரே மாதிரி கொறைவு சார். பொட்டாசியம் சரியா இருக்கு. கால்சியம் கொறையல, எல்லைக்கு மேல போயிருக்கு. ஊதா மூடி கலந்திருந்தா இப்படி வராது. மொத ரிப்போர்ட்டும் சரிதான்." நான் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். "இன்னொண்ணு சார். அந்தப் பொண்ணுக்கு முன்பல் ரெண்டு விழுந்திருக்கு. அடிபடல. பல் தேய்க்கும்போது வந்திருக்கு, முழு வேரோட. அவங்கம்மா பஞ்சுல சுத்தி வச்சிருக்காங்க, பாத்தேன்."

முழு வேரோடு என்றதும் எனக்குள் ஏதோ இடித்தது. எலும்பிலும் பல்லின் வேரிலும் சுண்ணாம்பு படிவதைத் தடுக்கும் ஒரு பொருள் இயல்பாகவே இருக்கும். அதை உடைத்து அப்புறப்படுத்துவதுதான் அங்கே இந்த நொதியின் வேலை. நொதிக்கான மரபணுவே பழுதாகிப் பிறக்கும் சில குழந்தைகளுக்கு அந்தப் பொருள் சேர்ந்துகொண்டே போகும். எலும்பு கெட்டிப்படாது, பால்பல் வேரோடு கழன்று வரும். பார்ப்பதற்கு ரிக்கெட்ஸ் போலவே இருக்கும். ஆனால் வைட்டமின் டி அங்கே உதவாது. ஏற்கனவே ஏறியிருக்கும் கால்சியத்தை இன்னும் ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏஞ்சல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது என் மருந்தால். இதையெல்லாம் நான் மருத்துவக் கல்லூரியில் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். "அதிகமா இருந்தா எல்லாரும் பாப்பாங்க சார்" என்றார் நூர் மேடம். "கொறைஞ்சா யாரும் பாக்க மாட்டாங்க. நல்லதுதானேன்னு விட்டுடுவாங்க, இல்ல லேப் தப்புன்னுடுவாங்க." அதை அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. எனக்குத்தான் குத்தியது.

அன்றே டேவிட்டைக் கூப்பிட்டு மருந்தை நிறுத்தினேன். நகரத்தில் உள்ள பெரிய குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்பினேன். மரபணுச் சோதனையில் அதேதான் என்று உறுதியாயிற்று. நல்லவேளையாக அவளுக்கு வந்தது மிகக் கடுமையான வகை இல்லை. அந்த நொதியைச் செயற்கையாகச் செய்து ஊசி வழியாகக் கொடுக்கும் மருந்து உலகத்தில் இருக்கிறது; டேவிட்டுக்கு எட்டும் தூரத்தில் இல்லை. எலும்பு மருத்துவர், பல் மருத்துவர், பயிற்சி, அளவான உணவு என்று ஓட்டினோம். இன்னும் கொஞ்ச நாள் என் சீட்டின்படி வைட்டமின் டி கொடுத்திருந்தால் அவள் சிறுநீரகமே போயிருக்கும். டேவிட்டிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "ரொம்ப அபூர்வமான நோய் டேவிட். கண்டுபிடிச்சுட்டோம்."

அந்த 'டோம்' போதாதென்று, இரண்டு மாதம் கழித்து நம் கூட்டத்தில் ஏஞ்சலின் கதையைப் படங்கள் போட்டுப் பேசினேன். குறைந்த ஏ.எல்.பி.யைக் கண்டதும் எனக்குச் சந்தேகம் வந்தது என்றேன். பல் பற்றி விசாரித்தேன் என்றேன். கடைசிப் படத்தில் பொடி எழுத்தில், ஒத்துழைத்த பரிசோதனைக்கூடத்துக்கு நன்றி என்று ஒரு வரி இருந்தது. உங்களில் பலர் எழுந்து வந்து கைகுலுக்கினீர்கள். இன்றும் குறைந்த ஏ.எல்.பி. வந்தால் எனக்குப் போன் செய்து யோசனை கேட்கிறீர்கள். நூர் மேடம் அன்று மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினார். வெளியே வரும்போது, "நல்லா பேசினீங்க சார். கொறைஞ்ச எண்ண இனிமே எல்லாரும் கொஞ்சமாவது பாப்பாங்க" என்றார். கேலியாக இருக்குமோ என்று முகத்தைப் பார்த்தேன். உண்மையான சந்தோஷம்தான் இருந்தது. எனக்கு அது இன்னும் வெட்கமாகப் போயிற்று.

வெட்கப்பட்டேனே தவிர, சொல்லவில்லை. வீம்புதான், வேறென்ன. போகப் போகச் சொல்வது இன்னும் கடினமாயிற்று. போனில் அவரிடம் கத்துவதை மட்டும் நிறுத்தவில்லை.

அவர் போன மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் பத்தி அடிக்கடி சொல்லுவா சார். 'டாக்டர் சத்தம் போடுவார், ஆனா கொழந்தைங்கன்னா உயிர விடுவார்'னு" என்றார். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அங்கிருந்து கிளம்பி நேராகப் பொழிச்சலூருக்கு, டேவிட் வீட்டுக்குப் போனேன். யாரிடம் முதலில் பொய் சொன்னேனோ அங்கிருந்தே ஆரம்பிப்பது என்று தோன்றியது.

டேவிட் வாசலில் ஒரு ஏ.சி.யைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். "இன்னா சார், நீங்களே வந்துகினு... ஒரு போன் அடிச்சிருந்தா நானே வந்திருப்பேனே" என்று எழுந்தார். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று நின்றுகொண்டே சொன்னேன். "டேவிட், அன்னிக்கு லேப்ல தப்புன்னு சொன்னேனே, லேப்ல தப்பு இல்ல. தப்பு என்னோடது. ஏஞ்சலோட நோயைக் கண்டுபிடிச்சது நான் இல்ல, நூர் மேடம். அவங்க ரெண்டு நாள் முன்னாடி தவறிட்டாங்க." தலைக்கு மேல் ஒரு விமானம் தாழப் பறந்து இறங்கியது. அந்தச் சத்தம் அடங்கும்வரை இருவரும் காத்திருக்க வேண்டியிருந்தது.

"நீங்க இன்னா சார் சொல்றீங்க?" என்றார் டேவிட். "அந்த மேடம் அப்டி சொல்லலியே. ரெண்டாவது தபா ரத்தம் குட்த்துட்டு ரிப்போர்ட் வாங்கப் போனப்போ, எங்கள உக்கார வச்சி சொன்னாங்க சார். 'டாக்டருக்கு சந்தேகம் வந்துச்சு, அதனாலதான் திரும்பப் பாத்தோம், பாத்ததாலதான் தெரிஞ்சுது. உங்க பொண்ணுக்கு ரொம்ப வருசத்துக்கு ஒரு டாக்டர் வேணும். அவர கெட்டியா புடிச்சிக்கோங்க'ன்னாங்க. அதான் சார், நாங்க வேற எங்கியும் போவல."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எனக்குச் சந்தேகம் வந்தது உண்மை. எதன் மேல் வந்தது என்பதை மட்டும் அவர் விட்டுவிட்டார். அத்தனை பேர் எதிரில் திட்டு வாங்கிய மறுநாள், திட்டியவனிடமே, திட்டக் காரணமானவனைக் காப்பாற்றிப் பேசியிருக்கிறார். என் கௌரவத்துக்காக அவர் அதைச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் குழந்தைக்கு ஒரு டாக்டர் வேண்டும், அந்த டாக்டரை அவளைப் பெற்றவர்கள் நம்ப வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

டேவிட் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "அப்போ... நான் அவங்கள அவ்ளோ பேர் முன்னாடி கத்துனது?" என்றார். அதுவும் என்னால்தான் என்றேன். "சார், இத நீங்க அவங்க உசுரோட இருக்கசொல்லவே சொல்லியிருக்கணும் சார். நானாவது போய் கால்ல வுழுந்திருப்பேன்" என்றார். அதற்கு மேல் அவர் என்னைப் பார்க்கவில்லை. கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மேரி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் தெருவுக்கு வந்து வண்டியை எடுத்தேன். இனி இவர்கள் என்னிடம் வரமாட்டார்கள், வராமல் இருப்பதுதான் நியாயம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஏஞ்சலைப் பரிசோதிக்க வேண்டிய நாள். பெயர்ப் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். டேவிட் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். இப்போது அவளுக்குப் பத்து வயது. நடையில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு என்று அவளாகவே சொன்னாள். நான் டேவிட்டைப் பார்த்தேன். "உங்க மேல கோவம் கீது சார், இல்லன்னு சொல்லல" என்றார் அவர். "ஆனா மேடம் உங்கள கெட்டியா புடிச்சிக்கச் சொன்னாங்க. அவங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்."

நூர் மேடம் எனக்கென்று விட்டுப்போனது டேவிட்டின் இந்த நம்பிக்கை. நான் சம்பாதித்தது இல்லை இது. இதை வைத்துக்கொண்டுதான் அந்தக் குழந்தைக்கு இனி வைத்தியம் பார்க்க வேண்டும்.